மல்லிகைப் பூ, 3 ரூபா

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் தம்பி இருக்கும் லயக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காக அம்மாவின் ட்ரங்குப் பெட்டியை இஸ்தோப்புக்கு இழுத்துப் போட்டோம். அடியில் கிடந்த கணக்குக் கொப்பிகளைத் தூக்கியதுமே அடுப்புப் புகையும் பூச்சி உருண்டையும் கலந்த அந்த வாசம் வந்தது. அம்மாவுக்கு எழுத வராது. சம்பளத்தன்று ராத்திரி குப்பி விளக்கு முன்னால் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அரிசி, கோதுமை மா, மண்ணெண்ணெய், சங்கச் சந்தா, கோயில் காசு, டோபி, சீட்டு. மாதம் மாறினாலும் வரிகள் மாறுவதில்லை. ஒரு பக்கத்தில் மட்டும், மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில், என் கோணல் எழுத்தில் இப்படி ஒரு வரி: ‘மல்லிகைப் பூ, 3 ரூபா.’

எங்கள் வீட்டில் பூவைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. சாமிக்குத் தோட்டத்துச் செவ்வந்தி போதும். அந்தக் குளிரில் மல்லிகை பூக்காது; கீழ்நாட்டிலிருந்து ஹட்டன் கோயில் வாசலுக்கு வந்தால்தான் உண்டு. அந்த வரி எந்த நாளில் எழுதியது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். பணிய லயத்தில் ஓர் அக்கா இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. கொழுந்துக் கூடையை முதுகில் போட்டால் மலையில் அவருக்கு நிகராக யாரும் கை ஓட்ட மாட்டார்கள். ஒருநாள் அவர் மலைக்கு வரவில்லை. கொழும்புப் பக்கம் வீட்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மா காரில் வந்து அழைத்துப் போனதைப் பிள்ளைகள் நாங்கள் பார்த்திருந்தோம். தோட்டத்துக்குள் கார் வந்தால் பின்னாலேயே ஓடுகிற வயது எங்களுக்கு.

சில மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு புதுச் சேலை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று இருட்டியதும் அம்மா என் கையில் காசைத் திணித்தார்.

“காலைல மொத பஸ்ஸுல ஹட்டன் போயி மல்லியப்பூ வாங்கிட்டு வா. யாரும் கேட்டா சாமிக்குன்னு சொல்லு.”

மறுநாள் அந்தக் காம்பராவுக்குள் அம்மா என்னையும் கூட்டிப்போனார். அக்கா கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். காய்ச்சல். பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. அம்மா பூவைச் சரமாகக் கட்டாமல் துணியில் பரப்பி மார்போடு வைத்துக் கட்டினார். பால் வற்றுவதற்கு நம் கிழவிகள் செய்து வந்த வைத்தியம் அது. அந்தச் சின்ன அறை முழுக்கப் பூ வாசம். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிள்ளை எங்கே என்று கேட்க வாயெடுத்த என்னை அம்மா ஒரு பார்வையிலேயே அடக்கினார்.

மாதக் கணக்கு எழுதும்போது, பூவுக்கான காசை யார் கணக்கில் வைப்பது என்று கேட்டேன். “நம்ம கணக்குலதான். வேற யாரு போடுவா அந்தப் புள்ளைக்கு?” என்றார் அம்மா.

அந்தப் பக்கத்தைப் பார்த்த வாரத்திலேயே லண்டனிலிருந்து என் தங்கை மகளின் கணக்கு வந்ததால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிள்ளையும் தங்கவில்லை. சினைப்பை மட்டும் மிச்சம். வேறொரு பெண் சுமந்தால் தன் கருவே தனக்குப் பிள்ளையாக வரும் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து அவளும் அவள் கணவரும் காசு சேர்த்தார்கள். பிறகு வட்ஸ்அப்பில் நீளமான ஒரு பட்டியலும் அவள் குரலும் வந்தன.

“பெரியம்மா, நீங்க சீட்டுப் புடிச்ச ஆளு. எங்க ஓட்டை இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். கருமுட்டை எடுக்கும் செலவு, கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செலவு, உறையவைத்து வைத்திருக்க வருட வாடகை, திரவ நைட்ரஜன் குடுவையில் நாடு கடத்தும் கூலி, முகவர் நிறுவனத்தின் கட்டணம், இரண்டு நாட்டு வழக்கறிஞர்கள், மரபணுச் சோதனை, விமானம், பிள்ளைக்குக் கடவுச்சீட்டு வரும்வரை தங்கும் வீட்டு வாடகை. வாடகைத் தாய் என்ற வரி பட்டியலின் நடுவில், வீட்டு வாடகைக்கு இரண்டு வரி மேலே இருந்தது. அவருக்கு ஒரே ஒரு தொகை. வேறொன்றும் இல்லை.

பிள்ளையைக் கொடுப்பதும் வாங்குவதும் லயத்துக்குப் புதிதல்ல. சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை என்று என் மூன்றாவது தம்பியைத் தூக்கிக் கொடுத்தார்கள். மூன்று காம்பரா தள்ளித்தான் வளர்ந்தான். பசித்தால் அம்மாவிடம் ஓடி வருவான், அடி விழுந்தால் சின்னம்மாவிடம் ஓடுவான். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குகிற வழக்கமும் இருந்தது. ஒரு முறம் தவிடு கொடுத்துப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக்கொள்வாள். மதிப்பில்லாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். பெற்றவள் கண்முன்னால்தான் அந்த விற்பனை நடக்கும், பிள்ளையும் அவள் மடிக்கே திரும்பும். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. ஆம்புலன்ஸ் வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், பிள்ளைகள் தங்குகின்றன.

காரில் வந்த அம்மாவின் வியாபாரம் வேறு மாதிரி. அதன் முழு அளவு எனக்கு 2017இல்தான் தெரிந்தது. நெதர்லாந்தின் ஸெம்ப்லா என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி எண்பதுகளில் இலங்கையில் நடந்த குழந்தைப் பண்ணைகளைப் பற்றிக் காட்டியது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அதில் தோன்றி, அப்படி நடந்ததை ஒப்புக்கொண்டார். ஐரோப்பாவுக்குத் தத்துப் போன பிள்ளைகள் 11,000 வரை இருக்கலாம் என்றார்கள். பெற்ற தாய் வராத இடத்தில் வேறொரு பெண்ணைக் கூலிக்குப் பிடித்துத் தாயாக நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். 1987இல் அரசாங்கம் வெளிநாட்டுத் தத்தைச் சில காலம் நிறுத்தியது. 1992இல் சட்டத்தை இறுக்கியது. சுவிட்சர்லாந்து 2020இல் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டு வருத்தம் தெரிவித்தது. அந்த அறிக்கையைப் பற்றிய செய்தியை நான் மறுபடி மறுபடி படித்தேன். வளர்ப்புப் பெற்றோர் ஆயிரக்கணக்கான பிராங்க் கொடுத்திருக்கிறார்கள். பெற்றவளுக்குப் போனது சில டாலர்கள். சில நேரம் ஒரு தேர்மஸ் பிளாஸ்க்.

பணிய லயத்து அக்காவின் பிள்ளை அந்தக் கணக்கில் சேர்ந்ததா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அக்கா கடைசிவரை வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது புதுச் சேலையும் பூவும்தான்.

அதே காலத்தில் எங்கள் பெண்களின் வயிற்றுக்கு அரசாங்கமும் விலை வைத்திருந்தது. பிள்ளை போதும் என்று எல்.ஆர்.டி. என்ற கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு 500 ரூபா. கடன் இருக்கும் மாதத்தில் அந்தக் காசு ஒரு வீட்டில் என்ன பேசும் என்பதை நான் கேட்டிருக்கிறேன். பல வீடுகளில் பெண்ணின் சம்பளத்தையே புருஷன்தான் போய் வாங்கி வருவான். 1984 வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள்கூலி கிடையாது. இதையெல்லாம் கண்ட எனக்கு, தங்கை மகளின் பட்டியலில் அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் அடுத்த வரிகளைப் படிக்க முடியவில்லை. அந்தக் காசு யார் கைக்குப் போகும்?

இதைத்தான் அவளிடம் முதலில் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. முகவரிடம் கேட்டு எழுதினாள்.

அவளும் கணவரும் ஆரம்பத்தில் ஆசைப்பட்டது தமிழ்நாட்டை. மொழி தெரிந்த ஒரு பெண், கூடப் போய் உட்கார்ந்து பேசலாம், மசக்கைக்கு மாங்காய் வாங்கிக் கொடுக்கலாம் என்று தங்கை மகள் கனவு கண்டாள். ஆனால் அந்தக் கதவு மூடி வருடங்கள் ஆகிவிட்டன. 2002 முதல் இந்தியாவில் வாடகைத் தாய்முறை தாராளமாக நடந்தது. குஜராத்தில் உள்ள ஆனந்த் என்ற ஊரின் பெயரே அதனால் உலகம் முழுக்கத் தெரிந்தது. 2004இல் அங்கே ஒரு தாய், இங்கிலாந்தில் இருந்த தன் மகளுக்காக இரட்டைப் பேரப்பிள்ளைகளைத் தானே சுமந்து பெற்றார். 2009இல் இந்தியச் சட்ட ஆணையம் இதை 25,000 கோடி ரூபாய்த் தொழில் என்று எழுதியது. 2015 நவம்பரில் வெளிநாட்டவருக்குத் தடை வந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, கூலி கொடுத்துச் சுமக்கவைப்பதை உள்நாட்டவருக்கும் நிறுத்திவிட்டது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்புறுதியும் மட்டும் கொடுக்க வேண்டும். ஏற்கனவே பிள்ளை பெற்ற, 25 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண், வாழ்நாளில் ஒருமுறை மட்டும், அன்பின் பேரில் சுமக்கலாம்.

காப்புறுதியை 36 மாதம் என்று வைத்த கை நல்ல கை. பிரசவத்தோடு உடம்பின் கணக்கு முடிவதில்லை என்று அது தெரிந்துவைத்திருக்கிறது. கூலியே கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெண் செய்கிற வேலையை அன்பு என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்த கதையை எங்கள் மலைகள் நூற்றைம்பது வருடமாகப் பார்த்திருக்கின்றன. வைத்தியருக்குக் கூலி உண்டு, வழக்கறிஞருக்குக் கூலி உண்டு, குடுவையைச் சுமந்து போகிறவனுக்கும் உண்டு. பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு மட்டும் நன்றி போதும் என்றால் என் மனம் ஒப்பவில்லை. ஏழைப் பெண்ணைக் காசு காட்டி இழுக்கிறார்கள் என்கிறவர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. காரில் வந்த அம்மாவை நான் மறக்கவில்லை. அதனால்தான் ஒப்பந்தம் அவள் மொழியில் இருக்க வேண்டும், அவளுக்கென்று தனி வழக்கறிஞர் இருக்க வேண்டும், அந்த வழக்கறிஞருக்கான காசும் இந்தக் கணக்கிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

பட்டியலில் இன்னொரு பெரிய ஓட்டை, பிள்ளையின் பத்திரங்கள். 2008இல் ஜப்பான் தம்பதி ஒன்றுக்காக ஆனந்தில் ஒரு பெண் குழந்தை பிறப்பதற்குள் அவர்கள் விவாகரத்து செய்துகொண்டார்கள். குழந்தையைப் பாட்டி வந்து அழைத்துப்போகும்வரை அது எந்த நாட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியவில்லை. அதே வருடம் ஒரு ஜெர்மன் தம்பதிக்காகக் குஜராத்தில் பிறந்த இரட்டையர் இரண்டு வருடம் நாடற்றவர்களாக இருந்தார்கள். இதைத் தங்கை மகள் வெறும் தகவலாகத்தான் அனுப்பினாள். எனக்கு வயிறு கலங்கியது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் அப்பா எந்த நாட்டுக்காரர் என்பது அவர் கிழவராகும்வரை முடிவாகவில்லை. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டின் பிரதமர்களும் உட்கார்ந்து எங்கள் சனத்தைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள். 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. பெரியப்பா குடும்பம் நீலகிரிக்குப் போனது. தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்காக ஹட்டன் ஸ்டேஷனில் அழுத அழுகையை இன்றும் யாராவது சொன்னால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். பத்திரம் இல்லாமல் ஒரு பிள்ளை பிறப்பதென்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இங்கிலாந்துச் சட்டப்படி, உலகின் எந்த மூலையில் பிறந்தாலும் பெற்றவள்தான் தாய். அவளுக்குக் கணவன் இருந்தால் தந்தை யார் என்பதிலும் சிக்கல். கணவன் இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை கொஞ்சம் சுலபமாக வரும். பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் பெற்றோர் என்ற ஆணை கேட்டு நீதிமன்றம் போக வேண்டும். சுமந்தவளுக்குக் கொடுத்த காசையும் நீதிபதி பார்ப்பார். இத்தனைக்கும் வழக்கறிஞர் செலவாக ஒரே வரியில் ஒரு சின்னத் தொகை எழுதியிருந்தாள். பெருக்கி எழுதச் சொன்னேன். வாடகை வீட்டுக் கணக்கையும் வாரக்கணக்கில் நீட்டச் சொன்னேன்.

அமெரிக்கா என்றால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். அவர்கள் முடிவு செய்தது ஜோர்ஜியாவை. 1997 முதல் அங்கே சட்டம் இதை அனுமதிக்கிறது. பிறப்புச் சான்றிதழிலேயே கேட்டு வந்த பெற்றோரின் பெயரைப் போடுவார்கள். அந்த நாட்டைப் பற்றி நான் ஏற்கனவே படித்திருந்தேன், வேறு காரணத்துக்காக. சோவியத் நாட்டில் விளைந்த தேயிலையில் பெரும்பங்கு ஜோர்ஜியாவின் மலைகளிலிருந்து வந்தது. சோவியத் உடைந்ததும் தோட்டங்கள் காடாகின. எங்கள் பிள்ளையைச் சுமக்க ஒப்புக்கொண்ட பெண் மேற்கு ஜோர்ஜியாவைச் சேர்ந்தவர். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் மகன் உண்டு. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசும்போது அவர் பாட்டி கொழுந்து பறித்தவர் என்று தெரிய வந்ததாம். தங்கை மகள் அதை என்னிடம் சொன்ன ராத்திரி எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

தங்கை ஹட்டனில் தன் பங்குக்கு நகை, ஈ.பி.எஃப். காசு என்று ஒதுக்கி வைத்திருந்தாள். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 ரூபாவில் நின்றது. மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டுவிட்டது. 60,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் 1 கோடி 20 லட்சமாக இருந்த செலவு 2 கோடி 16 லட்சமாயிற்று. அன்றைக்கு 1,000 ரூபா நாள்கூலி. மாதம் 25 நாள் பேர் போட்டாலும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அது 72 வருட உழைப்பு. தங்கை நகைப் பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு அழுதாள். அவள் காசு லண்டன் விமானச் சீட்டுக்குக்கூடத் தாங்காது போல இருந்தது.

காசு போதாமல் போனபோது முகவர் மலிவான திட்டம் ஒன்றைக் காட்டினார். அதில் இரண்டு கருவை ஒரே தடவையில் வைப்பார்கள். ஒன்று தவறினாலும் ஒன்று நிற்கும், செலவு மிச்சம். பிரசவத்துக்குப் பிந்திய மருத்துவம் அதில் சேரவில்லை. இரட்டை என்றால் குறைமாதம், கண்ணாடிப் பெட்டி, சுமக்கிறவளுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டிவரும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கை மகளே சொன்னாள். பிறகு கேட்டாள்:

“அப்ப எதைக் குறைக்கிறது பெரியம்மா?”

“வருசத்தைக் கூட்டு. அவ வரிய மட்டும் தொடாத.”

அவள் பட்டியலைத் திரும்ப எழுதினாள். சுமக்கும் பெண்ணின் பகுதி மேலே வந்தது. மாதாமாதக் காசு, அவர் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கில். வேலைக்குப் போக முடியாத மாதங்களின் சம்பளம். அவர் மகனைப் பார்த்துக்கொள்ள ஆள். சத்திரசிகிச்சை நடந்தால், கர்ப்பப்பைக்கு ஏதாவது ஆனால், கரு கலைந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே. பால் வற்ற மாத்திரையும், அதை எழுதித் தருகிற வைத்தியரின் கட்டணமும். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் மருத்துவம். எல்லாம் போட்டபின், முதல் தடவை கரு தங்காவிட்டால் மறுபடி முயல மொத்தத்தில் நாலில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வைக்கச் சொன்னேன். சீட்டில் நாங்கள் அப்படித்தான் ஒரு கை எப்போதும் ஒதுக்கி வைப்போம். பயணம் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தள்ளிப் போனது. நடுவில், 2023 ஜூனில், வெளிநாட்டவருக்கு இதைத் தடைசெய்யப் போவதாக ஜோர்ஜியாவின் பிரதமர் அறிவித்தபோது அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் அவள் அந்தப் பெண்ணின் பகுதியில் ஒரு சதமும் குறைக்கவில்லை. அவள் அம்மாவின் அம்மாவுக்கும் இதே பிடிவாதம்.

பெண் குழந்தை பிறந்தது. ஒரே கரு, ஒரே பிள்ளை. திபிலிசியில் வாடகை வீட்டில் பத்திரங்களுக்காகக் காத்திருந்த வாரங்களில் தினமும் வீடியோவில் பேசினாள். பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது அவளுக்கு. நான் இங்கே இஸ்தோப்பில் ஒரு தலையணையை மடியில் போட்டு, காலை நீட்டி, எப்படிக் கிடத்துவது என்று காட்டினேன். தம்பி மகள் போனைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை மடுவத்து ஆயா பணிமுடிந்து வந்து அவரும் எட்டிப் பார்த்து, தலைக்கு ஊற்றும்போது காதை மூடச் சொன்னார்.

ஒருநாள் தங்கை மகள் கேட்டாள்:

“நாங்க கெளம்புறதுக்கு முன்னாடி அந்த அக்காவுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுக்கணும் பெரியம்மா. என்ன வாங்கலாம்? செயினா? இல்ல, குளிருக்கு நல்ல கோட்டா?”

“சாமான் வேணாம் புள்ள. காசாப் போடு. அவ பேருல உள்ள கணக்குலயே போடு. என்ன வாங்கணும்னு அவளுக்குத் தெரியும்.”

நீதிமன்றத்தில் இதையும் காட்ட வேண்டுமே என்று அவள் லண்டன் வழக்கறிஞரிடம் கேட்டாள். எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்றார். அப்படியே அனுப்பி, ரசீதின் பிரதியை எனக்கும் ஒன்று வட்ஸ்அப்பில் போட்டிருந்தாள்.